ரோல் நம்பர் 28

2019 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தது. 15 வருடத் தவணை முடிந்து, கோவை கணபதியில் இரண்டே கால் சென்ட்டில் நாங்கள் கட்டிய வீட்டின் அசல் பத்திரத்தை வங்கியில் திரும்பக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, மஞ்சப் பைக்குள் வைத்து, மடியில் அணைத்தபடி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போன் செய்யலாம் என்றுதான் கைப்பேசியை எடுத்தேன். எங்கள் டிப்ளமோ செட் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. ரோல் நம்பர் 28 அன்று காலை சரவணம்பட்டியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியிருந்தான். மூன்று மாடி, லிஃப்ட். வாழைமரம் கட்டியிருந்த கேட் மட்டுமே எங்கள் வீட்டு முன்பக்க அகலம் இருந்தது.

போன் செய்யவில்லை. வீட்டுக்குப் போய்ப் பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"வாங்கியாச்சுங்களா?" என்றாள் மனைவி.

"ம்."

காலையிலேயே பருப்பு வேகவைத்து ஒப்புட்டு தட்டி வைத்திருந்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் அத்தனையையும் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ஏலச்சீட்டுப் போட்டு, தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளை இரண்டு தடவை அடகு வைத்து மீட்டு, என்னோடு சேர்ந்து அந்தக் கடனை அடைத்தவள். அவளுக்கு உரிய ஒரு நாளை நான் கெடுத்தேன். ஆறு வருடம் ஆகிறது. அந்தத் தூக்குப்போசியை அலமாரியில் பார்க்கும்போதெல்லாம் இன்னும் உறுத்துகிறது.

எனக்கு ஏன் அப்படி ஆனது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி என் தொழில்தான். 1991-ல் டிப்ளமோ முடித்ததிலிருந்து பம்ப் மோட்டார் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத்திலிருந்தும் கிரைண்டிங்கிலிருந்தும் வரும் ஷாஃப்ட்டை அளந்து, நல்லதை உள்ளே அனுப்பி, கெட்டதுக்குச் சிவப்பு பெயின்ட் வைப்பது என் வேலை. மோட்டாரில் 6205 பேரிங் என்று ஒன்று போடுவோம். அதன் உள்துளை 25 மில்லிமீட்டர். அதில் இறுக்கமாக உட்கார வேண்டுமானால் ஷாஃப்ட் 25.002-லிருந்து 25.015-க்குள் இருக்க வேண்டும். தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி அது.

இதைச் சரிபார்க்க எங்களிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று ஸ்நாப் கேஜ். அதில் ஒரு பக்கம் 'கோ', இன்னொரு பக்கம் 'நோ-கோ'. கோ பக்கம் ஷாஃப்ட் நுழைய வேண்டும், நோ-கோ பக்கம் நுழையக் கூடாது. இந்த ஷாஃப்ட் தன் வேலைக்குப் பொருந்துமா என்ற ஒரு கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும்.

இன்னொன்று கம்பாரேட்டர். ஸ்டாண்டில் ஒரு டயல் இருக்கும். முதலில் ஸ்லிப் கேஜ் கட்டைகளைச் சேர்த்து 25 மில்லிமீட்டருக்கு ஒரு மாஸ்டர் தயார் செய்து, அதை டயலுக்கு அடியில் வைத்து முள்ளைச் சுழியத்தில் நிறுத்துவோம். பிறகு மாஸ்டரை எடுத்துவிட்டு ஷாஃப்ட்டை வைப்போம். முள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும். அந்த முள் காட்டுவது ஷாஃப்ட்டின் அளவை அல்ல. மாஸ்டரிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை மட்டும். ஷாஃப்ட்டைப் பற்றி வேறு எதுவும் கம்பாரேட்டருக்குத் தெரியாது.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், காலையிலிருந்து வைத்த ஷாஃப்ட் எல்லாமே மைனஸ் காட்டின. 140 ஷாஃப்ட்டுக்குச் சிவப்பு வைத்தேன். கிரைண்டிங் ஆபரேட்டர் சண்டைக்கு வந்துவிட்டார். எங்கள் ஃபோர்மேன் வந்து எதுவும் பேசாமல் ஒரு ஷாஃப்ட்டை எடுத்து ஸ்நாப் கேஜில் போட்டார். கோ பக்கம் நுழைந்தது, நோ-கோவில் நின்றது. இன்னொன்று, இன்னொன்று என்று போட்டார். எல்லாமே சரி. பிறகு என் ஸ்லிப் கட்டைகளைப் பிரித்து, விரல் நுனியால் துடைத்துக் காட்டினார். இரண்டு கட்டைக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத தூசி. அதனால் மாஸ்டர் உயர்ந்துவிட்டது. மாஸ்டர் உயர்ந்ததால் நல்ல ஷாஃப்ட் அத்தனையும் குறைந்துபோய்த் தெரிந்தன.

"ஷாஃப்ட்டைக் குத்தம் சொல்றியே கண்ணு, உன்ற மாஸ்டரப் பாத்தியா?" என்றார்.

வங்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நடந்ததும் இதுதான். மடியில் இருந்த பத்திரம் அதே பத்திரம். ஐந்து நிமிடம் முன்பு அது ப்ளஸ். ஒரு படத்தைப் பார்த்த பிறகு மைனஸ்.

என் மகள் உளவியல் முதுகலை படித்தவள். இதை அவளிடம் சொன்னபோது, "அப்பா, நீங்க சொல்றத 1954-லயே ஒருத்தர் எழுதிட்டார்" என்றாள். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். மனிதனுக்குத் தன் திறமையையும் கருத்தையும் எடைபோட்டுப் பார்க்கும் உந்துதல் இயல்பிலேயே இருக்கிறது. அளக்க நேரடியான அளவுகோல் இருந்தால் அதைப் பயன்படுத்துவான், இல்லாதபோது மற்ற மனிதர்களைப் பக்கத்தில் வைத்து அளப்பான் என்றார் அவர். ஓடும் வேகத்தைக் கடிகாரம் சொல்லும். நல்ல தகப்பனா, வாழ்க்கையில் உருப்பட்டேனா என்பதற்கு எந்தக் கடையிலும் கேஜ் கிடையாது. அதனால் பக்கத்து மனிதன் மாஸ்டர் ஆகிறான்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. நாம் கண்டவர் எல்லோரோடும் ஒப்பிட்டுக்கொள்வதில்லை, நம்மைப் போன்றவரோடுதான் ஒப்பிட்டுக்கொள்கிறோம். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு உண்மை. அவிநாசி ரோட்டில் எத்தனை பெரிய மில் முதலாளிகளின் பங்களாக்களைத் தாண்டி 30 வருடமாக வேலைக்குப் போயிருக்கிறேன். ஒரு நாளும் வயிறு எரிந்ததில்லை. என் ரோல் நம்பர் 27. அவன் 28. மூன்று வருடம் ஒரே பெஞ்ச், ஒரே லேப் பேட்ச், ஒரே பரீட்சை ஹாலில் அடுத்தடுத்த இருக்கை. இரண்டு பேருக்கும் மில் தொழிலாளி அப்பா. புறப்பட்ட இடம் ஒன்று என்பதால்தான் போய்ச் சேர்ந்த இடம் அப்படிச் சுட்டது.

மகள் ஒரு கேள்வியையும் கொடுத்து, "உங்க டீ டைம்ல கேட்டுப் பாருங்க" என்றாள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளியில் சோல்னிக், ஹெமன்வே என்ற இரண்டு ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி அது. 1998-ல் வெளியான ஆய்வு. உங்களுக்கு வருடம் 50,000 டாலர், சுற்றியிருப்பவர்களுக்கு 25,000. அல்லது உங்களுக்கு 1,00,000, மற்றவர்களுக்கு 2,00,000. விலைவாசி இரண்டிலும் ஒன்றே. எது வேண்டும்? ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் வருமானம் பாதியானாலும் பரவாயில்லை, மற்றவர்களைவிட அதிகமாக இருந்தால் போதும் என்றார்கள். நான் ரூபாயாக மாற்றி டூல் ரூமில் கேட்டேன். எங்கள் கிரைண்டிங் ஆபரேட்டர் டம்ளரைக் கீழே வைக்காமல், "எம் மச்சானுக்கு என்ன சம்பளம்னு மொதல்ல சொல்லுங்க சார்" என்றார்.

அதே ஆய்வில் விடுமுறை நாட்களைப் பற்றிக் கேட்டபோது இந்தப் போட்டி வெகுவாகக் குறைந்துவிட்டது. மற்றவர்களுக்கு எத்தனை நாள் கிடைத்தாலும் சரி, எனக்கு அதிக நாள் வேண்டும் என்றவர்கள்தான் பெரும்பாலோர். சம்பளத்தையும் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை அப்படி நிறுத்திப் பார்க்க முடியாது. அதனால்தான் அது இன்னும் நம்முடையதாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் அளவுக்காரன். ஒப்பீடு மகிழ்ச்சியைக் குறைக்கிறது என்று யாராவது சொன்னால், எப்படி அளந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அதற்குக் கிடைத்த பதில்களில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது கலிபோர்னியாவில் நடந்தது. 2008-ல் அங்கே ஒரு நாளிதழ் அரசு ஊழியர்கள் அனைவரின் சம்பளத்தையும் இணையத்தில் போட்டது. பொருளாதார ஆய்வாளர்கள் நான்கு பேர், கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுத்து, இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது என்று மின்னஞ்சலில் தெரிவித்தார்கள். மற்றவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. சில நாள் கழித்து எல்லோரிடமும் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். 2012-ல் முடிவு வெளிவந்தது. தங்கள் துறையில் நடுச் சம்பளத்துக்குக் கீழே இருந்தவர்களில், பட்டியல் பற்றித் தெரிவிக்கப்பட்டவர்களுக்குச் சம்பளத்திலும் வேலையிலும் திருப்தி குறைந்திருந்தது. வேறு வேலை தேடும் எண்ணமும் கூடியிருந்தது. யாருக்கும் ஒரு டாலர்கூடக் குறைக்கப்படவில்லை. பட்டியல் ஒன்றுதான் புதிதாக வந்தது.

சரி, நடுச் சம்பளத்துக்கு மேலே இருந்தவர்கள்? அவர்களுக்குத் திருப்தி கூடவில்லை. இருந்தது இருந்தபடியே இருந்தது. இதை மகளிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். மேலே பார்த்தவன் இழந்தான். கீழே பார்த்தவன் எதையும் பெறவில்லை. அப்படியானால், 'நமக்குக் கீழே இருக்கிறவனைப் பார்த்து மனசைத் தேத்திக்கோ' என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லும் புத்திமதி என்ன ஆகிறது? எனக்கு அந்தப் புத்திமதி எப்போதும் பிடித்ததில்லை. 2004-ல் கடன் வாங்கி வீடு கட்டும்போது ஒரு பெரியவர், "வாடகை வீட்டுல கிடக்கறவனெல்லாம் இருக்கறான், நீ குடுத்து வெச்சவன்" என்றார். வாடகை வீட்டில் இருப்பவன் என் தம்பி. அவனுடைய குறையில் என் நிறைவைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. மாஸ்டரைச் சின்னதாக வைத்து எல்லாவற்றையும் ப்ளஸ் காட்டச் செய்வதும் பொய்யான அளவுதான்.

நார்வேயில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே யார் எவ்வளவு சம்பாதிக்கிறார், எவ்வளவு வரி கட்டுகிறார் என்பது நீண்ட காலமாகவே பொதுப் பதிவு. ஆனால் அலுவலகத்துக்குப் போய்ப் புரட்டிப் பார்க்க வேண்டும். 2001-ல் அங்குள்ள பத்திரிகைகள் அதை இணையத்தில் ஏற்றின. பக்கத்து வீட்டுக்காரர், மாமியார், பழைய காதலி, யாருடைய வருமானத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு வருமானம் அதிகமுள்ளவருக்கும் குறைவானவருக்கும் இடையே மகிழ்ச்சியில் இருந்த இடைவெளி அகன்றது என்று ரிக்கார்டோ பெரஸ் துருக்லியா என்ற பொருளாதார ஆய்வாளர் கணக்கிட்டு 2020-ல் வெளியிட்டார். 2014-ல் நார்வே ஒரு மாற்றம் கொண்டுவந்தது. யாருடைய வருமானத்தை யார் பார்த்தார் என்பதைப் பார்க்கப்பட்டவர் தெரிந்துகொள்ளலாம். அவ்வளவுதான். தேடல்கள் பெருமளவு சரிந்துவிட்டன. 28-இன் படங்களை நானும் எத்தனை இரவு விரித்து விரித்துப் பார்த்திருக்கிறேன்! பார்த்தது அவனுக்குத் தெரியும் என்றிருந்தால் ஒன்றைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன்.

நம் ஊரிலும் பட்டியலை எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறோம். என் மகள் 12-ஆம் வகுப்புத் தேர்வு எழுதியது 2017-ல். மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு அந்த ஆண்டுதான் நிறுத்தியது. அதற்கு முந்தைய வருடங்களில் பக்கத்துத் தெருக் குழந்தைகள் 1,200-க்கு 1,100 வாங்கிவிட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். என் மகள் தன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "அப்பா, நான் நெனச்ச காலேஜ் கெடைக்கும்" என்றாள். எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது: அவள் கேட்டது கோ, நோ-கோ கேள்வி. பொருந்துமா? பொருந்தும். தீர்ந்தது.

இதெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் 28 என்ற பெயர் குழுவில் வரும்போதெல்லாம் வயிற்றில் ஒரு முள் நகர்வது நிற்கவில்லை. தெரிந்துகொள்வதால் மட்டும் அது நிற்பதில்லை. என்னை மாற்றியது எங்கள் கல்யாண மொய் நோட்டு.

போன தை மாதம் 28 தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தான். எங்கள் பக்கம் மொய் எழுதப் போகும்முன் பழைய நோட்டை எடுத்துப் பார்ப்பது வழக்கம். அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று தெரிந்தால்தானே நாம் குறையாமல் செய்ய முடியும். மனைவி பீரோவிலிருந்து 1998-ஆம் வருட நோட்டை எடுத்து வந்தாள். பழுப்பேறிய 80 பக்க நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி உ போட்டது. எழுதியவர் என் அப்பா. பெயருக்குப் பக்கத்தில் ஆள் யார் என்று அடையாளம் எழுதுவார்: 'ரிங் ஃப்ரேம் செக்‌ஷன்', 'சூலூர் அத்தை சம்பந்தி', 'பால்காரர்'. விரலால் தடவிக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நிறுத்தினாள்.

"இதென்னங்க, 501 ரூபா எழுதி, 'டிராயிங் பொட்டி குடுத்த பையன்'னு போட்டிருக்குது?"

அது 28. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 1988-ல் நான் முதல் வருடம் சேர்ந்தபோது அப்பாவுடைய மில்லை மூடிவிட்டார்கள். எஞ்சினியரிங் டிராயிங்குக்கு மினி டிராஃப்டர் வேண்டும். அதில்லாமல் கோடு போட்டால் ஷீட்டைத் திருப்பி எறிந்துவிடுவார்கள். வாங்க வழியில்லை. 28 விடுதியில் ராத்திரி உட்கார்ந்து தன் ஷீட்டை முடித்துவிட்டு, விடிகாலையில் சைக்கிளில் வந்து டிராஃப்டர் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போவான். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, படிப்பு முடியும்வரை. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று, "நீயே வெச்சுக்கடா" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த டிராஃப்டரை வைத்துத்தான் வேலைக்குச் சேரும்போது டெஸ்ட் டிராயிங் போட்டேன். அந்தக் கம்பெனிச் சம்பளத்தில்தான் கணபதி வீடு.

நான் அதை மறந்தேன் என்று சொல்ல முடியாது. எங்கோ இருந்தது. ஆனால் 28 என்றவுடன் எனக்கு நினைவு வந்தது அவன் பட்டறையின் சி.என்.சி. மெஷின்கள், மூன்று மாடி, ஜெர்மனியில் படிக்கும் பையன். என் அப்பாவுக்கு அவன் பெட்டி கொடுத்த பையன். எனக்கு அவன் என்னை அளக்கும் கட்டை. கட்டைக்கு யார் நன்றி சொல்வார்கள்? பத்திரத்தின் மகிழ்ச்சியை அவன் படம் பறித்துக்கொண்டது என்று நினைத்திருந்தேன். அந்தப் பத்திரத்தில் அவனுக்கும் பங்கு உண்டு என்பதைப் பார்க்க விடாமல் அந்த ஒப்பீடு தடுத்ததுதான் பெரிய நஷ்டம். ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு நெருக்கமானவர்கள்தான் அகப்படுகிறார்கள். நமக்குக் கை கொடுத்தவர்களும் பெரும்பாலும் அவர்களேதான்.

எம்மன்ஸ், மெக்கல்லா என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வை மகள் பிறகு சொன்னாள். பத்து வாரம், வாரம் ஒரு முறை, நன்றி சொல்லத் தக்கவற்றை ஐந்து வரைக்கும் எழுதியவர்கள், அந்த வாரத் தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள் என்று. நானும் ஒரு பழைய இன்ஸ்பெக்‌ஷன் ரிஜிஸ்டரில் எழுதுகிறேன், அப்பா எழுதிய மாதிரி: பெயர், பக்கத்தில் கொடுத்தது. ஃபோர்மேன்: தூசி துடைத்துக் காட்டியது. மனைவி பெயருக்கு ஒரு பக்கம் போதவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு பரணிலிருந்து டிராஃப்டரை இறக்கினேன். ரெக்சின் உறை உரிந்திருந்தது. மூடியின் உள்பக்கம் வெள்ளை பெயின்ட்டில் 28. குறிச்சி சிட்கோவில் இருக்கும் அவனுடைய பட்டறைக்குக் கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் வரிசையாக நின்ற மெஷின்களைப் பார்த்து அந்த முள் நகர்ந்தது. நகரட்டும் என்று விட்டுவிட்டு நடந்தேன்.

அவன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "இதையா இத்தன வருசம் வெச்சிருந்த?" என்றான். பிறகு, "குரூப்ல நீ ஒரு வார்த்த பேச மாட்டீங்கறியேடா, எம் மேல என்ன கோவம்?"

சொன்னேன். வங்கி பெஞ்ச், கேட் அகலம், ஒப்புட்டு எல்லாவற்றையும். அவன் குறுக்கே பேசவில்லை. கேட்டுக்கொண்டே டிராஃப்டரை மேஜையில் விரித்து, ஸ்கேலை மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்தான். மூட்டில் லேசாக ஆட்டம் இருந்தது.

"தம்பி, அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டு வா," என்று உள்ளே குரல் கொடுத்தான். "அப்படியே ரெண்டு டீ சொல்லு."